தோற்பது மாணவரா, பாடத்திட்டமா? ஹிஸ்பானிக் மாணவர்களின் பட்டப்படிப்பும் தகுதி எனும் கற்பிதமும்

அமெரிக்காவின் நான்காண்டுக் கல்லூரிகளில் 2010ஆம் ஆண்டு முதன்முறையாகச் சேர்ந்த முழுநேர மாணவர்களில் ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் பெற்றவர்கள் வெள்ளையரில் 64 விழுக்காட்டினர். ஹிஸ்பானிக் மாணவர்களில் 54 விழுக்காட்டினர். இந்தப் பத்துப் புள்ளி இடைவெளியை முன்வைத்து அந்நாட்டில் எழுதப்பட்ட அறிக்கைகளுக்குக் கணக்கில்லை. நெடுங்காலமாக அவற்றில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் கேட்டன: இந்த மாணவர்களிடம் என்ன குறை? பள்ளிக் கல்வி போதவில்லை, வீட்டில் படித்தவர் இல்லை, ஆங்கிலம் வரவில்லை, ஊக்கம் இல்லை என்று விடைகளும் ஆயத்தமாக இருந்தன. நமக்கு இந்த விடைகள் புதியவை அல்ல. பெயர்களை மாற்றினால் நம் கல்லூரிகளின் ஆசிரியர் அறைகளில் நாள்தோறும் கேட்கும் பேச்சுதான் இது.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் சிலர் கேள்வியைத் திருப்பிப் போட்டனர். மாணவரிடம் என்ன குறை என்பதற்கு மாறாக, மாணவர் எந்தப் பாடத்தில், எந்தப் பருவத்தில், எந்த வாசலில் வெளியேறுகிறார் என்று பார்த்தனர். பார்த்தபோது கிடைத்த விடை, தகுதி என்ற சொல்லை வைத்துப் பிழைப்பவர்களுக்கு உவப்பானதாக இல்லை. அந்த விடையையும், அதை இன்று சூழ்ந்துள்ள ஆபத்தையும் பற்றியதே இக்கட்டுரை.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். 'ஹிஸ்பானிக்' என்பது அரசு வைத்த பெயர். ஸ்பானிய மொழி மரபில் வந்தோரைத் தனியாகக் கணக்கெடுக்க வேண்டுமென 1976இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியதை ஒட்டி, 1980 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இது நாடு முழுவதும் பயன்பாட்டுக்கு வந்தது. மெக்சிகோ வழிவந்த இளைஞர்கள் 1960களில் தமக்கெனத் தேர்ந்துகொண்டது 'சிகானோ' என்ற சொல்லை. ஒருகாலத்தில் இழிசொல்லாக வீசப்பட்ட அதைத் தலைநிமிர்ந்து ஏந்தினர். அட்டவணைச் சாதி என்ற அரசுச் சொல்லுக்கும் தலித் என்ற அரசியல் சொல்லுக்கும் இடையிலுள்ள தொலைவை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புள்ளிவிவரங்கள் அரசுப் பெயரிலேயே கிடைப்பதால் நாமும் இங்கே அதையே கையாள்கிறோம்.

வடிகட்டும் வகுப்புகள்

கலிபோர்னியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட சமுதாயக் கல்லூரிகள் உள்ளன. ஹிஸ்பானிக் இளைஞர்களில் பெரும்பகுதியினர் உயர்கல்விக்குள் நுழைவது இவற்றின் வழியாகத்தான். கட்டணம் குறைவு, நுழைவுத் தேர்வும் இல்லை. கதவு திறந்தே இருந்தது. ஆனால் உள்ளே நுழைந்தவுடன் இன்னொரு கதவு இருந்தது. சேர்ந்த நாளில் கணினி முன் அமர வைத்து, ஒரு மணி நேரம் போல நடக்கும் தரம்பிரிப்புத் தேர்வு அது. அதில் குறைந்த மதிப்பெண் பெற்றால் கல்லூரி நிலைக் கணிதத்திலும் ஆங்கிலத்திலும் சேர முடியாது. குறைதீர் வகுப்புகளில் அமர வேண்டும். அவை ஒன்று, இரண்டு, சிலருக்கு மூன்று நான்கு படிகள் வரை நீளும். கட்டணம் உண்டு, காலம் செலவாகும், ஆனால் பட்டத்துக்கான கிரெடிட் கிடைக்காது. இப்படிக் கீழ்ப்படிகளுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஹிஸ்பானிக், கறுப்பின மாணவர்களே அளவுக்கு மீறி இருந்தனர்.

இதன் விளைவை அறிய ஆய்வறிக்கை கூடத் தேவையில்லை, பெருக்கல் வாய்ப்பாடு போதும். மூன்று படி கீழே போடப்பட்ட நூறு மாணவர்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வகுப்பிலும் எண்பது விழுக்காட்டினர் தேறுகிறார்கள், தேறியவர்களில் எண்பது விழுக்காட்டினர் அடுத்த வகுப்பில் சேர்கிறார்கள் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். முதல் வகுப்பில் தேறுவோர் 80. அடுத்ததில் சேர்வோர் 64. அதில் தேறுவோர் 51. மூன்றாவதில் சேர்வோர் 41, தேறுவோர் 33. கல்லூரி நிலைக் கணிதத்தில் சேர்வோர் 26. அதிலும் தேறி நிற்பவர்கள் 21 பேர். எந்த ஆசிரியரும் அநீதி செய்யவில்லை, எந்த வகுப்பிலும் தேர்ச்சி மோசமில்லை. ஆனாலும் நூறில் எழுபத்தொன்பது பேர் போய்விட்டனர். படிகளின் எண்ணிக்கையே அவர்களை வெளியேற்றிவிட்டது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரி ஆய்வு மையம் 2010ஐ ஒட்டிப் பல மாநிலங்களின் பதிவேடுகளைப் பரிசீலித்தபோது இந்தக் கணக்கு மெய்யானது. கணிதத்தில் குறைதீர் வகுப்புக்கு அனுப்பப்பட்டவர்களில் மூன்றில் ஒருவரே அந்தப் படிவரிசையை முடித்திருந்தார். வெளியேறியவர்களில் வகுப்பில் தோற்றவர்களை விட, அடுத்த வகுப்பில் சேராமலே நின்றுபோனவர்கள் அதிகம். கணிசமானோர் முதல் வகுப்பில்கூடக் காலடி வைக்கவில்லை. அதே மையத்தைச் சார்ந்த பிறிதோர் ஆய்வு தரம்பிரிப்புத் தேர்வையே கேள்விக்குள்ளாக்கியது. கணிதத்தில் ஏறத்தாழ நான்கில் ஒருவர், ஆங்கிலத்தில் மூன்றில் ஒருவர் என்ற அளவில் மாணவர்கள் மிகத் தவறான நிலையில் வைக்கப்பட்டிருந்தனர். பள்ளியில் நான்காண்டுகள் பெற்ற மதிப்பெண்கள் அந்த ஒரு மணி நேரத் தேர்வைவிட நம்பகமான அளவுகோலாக இருந்தன.

கலிபோர்னியாவில் 2017இல் கையொப்பமான ஏ.பி. 705 என்ற சட்டம் இந்த அடிப்படையில் வந்தது. அதன் உள்ளடக்கம் எளியது, ஆனால் கூர்மையானது. அதுவரை, தான் கல்லூரிப் பாடத்துக்கு உரியவர் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு மாணவரிடம் இருந்தது. இனி, ஒருவர் கல்லூரி நிலைப் பாடத்தில் வெற்றி பெறும் வாய்ப்பு மிக மிகக் குறைவு என்பதையும், குறைதீர் வகுப்பு அவருக்கு உண்மையில் பயன்படும் என்பதையும் கல்லூரி மெய்ப்பித்தால்தான் அவரைக் கீழே அனுப்ப முடியும். மெய்ப்பிக்கும் சுமை கைமாறியது. சட்டம் பயின்ற நம் தோழர்கள் இந்த ஒற்றை மாற்றத்தின் எடையை உணர்வார்கள்.

விளைவு விரைவாகத் தெரிந்தது. 2015இல் முதல் கணித வகுப்பாகக் கல்லூரி நிலைப் பாடத்தையே எடுத்தவர்கள் ஐந்தில் ஒருவர் அளவில் இருந்தனர். 2019இல் அது ஐந்தில் நால்வரை நெருங்கியது. முதல் பருவத்திலேயே அப்பாடத்தை முடித்தவர்களின் விகிதமும் பன்மடங்கு உயர்ந்தது. தேர்ச்சி விழுக்காடு சற்றுக் குறைந்தது என்று சுட்டிக்காட்டுவோர் உண்டு. அது உண்மைதான். ஆனால் முன்பு வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்களைக் கணக்கில் சேர்க்காத தேர்ச்சி விழுக்காடு எதை அளந்தது? நூறு பேரில் இருபது பேரை மட்டும் உள்ளே விட்டு அவர்களில் பதினைந்து பேர் தேறினால் அது எழுபத்தைந்து விழுக்காடு. எண்பது பேரை உள்ளே விட்டு நாற்பத்தைந்து பேர் தேறினால் அது ஐம்பத்தாறு விழுக்காடு. கல்லூரியின் பெருமைக்கு முதல் கணக்கு நல்லது. மாணவருக்கு எது நல்லது?

எந்தக் கணிதம், யாருக்கு?

படிகளைக் குறைப்பது மட்டும் மறுவடிவமைப்பு ஆகாது. எதைக் கற்பிக்கிறோம் என்ற கேள்வி அதைவிட அடிப்படையானது. சமூகவியல் படிக்க வந்தவருக்கும் செவிலியர் படிப்புக்கு வந்தவருக்கும் நெடிய இயற்கணிதப் படிவரிசை ஏன்? அவர்கள் தம் தொழிலில் நாள்தோறும் சந்திக்கப்போவது புள்ளியியலைத்தான். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூன்று சமுதாயக் கல்லூரிகள் 2013இல் இதைச் சோதித்தன. இயற்கணிதக் குறைதீர் வகுப்புக்கு உரியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட தொள்ளாயிரத்துச் சொச்சம் மாணவர்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தனர். முதல் பிரிவுக்கு வழக்கமான இயற்கணிதம். இரண்டாம் பிரிவுக்கு அதே இயற்கணிதத்தோடு வாராந்தரப் பயிலரங்கு. மூன்றாம் பிரிவினரை நேராகக் கல்லூரி நிலைப் புள்ளியியலில் அமர்த்தி, கூடவே பயிலரங்கும் தந்தனர். தேர்ச்சி முறையே 39, 45, 56 விழுக்காடு. 'எளிய' பாடத்தில் அதிகம் பேர் தோற்றார்கள், 'கடினமான' பாடத்தில் அதிகம் பேர் வென்றார்கள். மூன்றாண்டுகள் கழித்துப் பார்த்தபோது முதல் பிரிவில் 17 விழுக்காட்டினரும் புள்ளியியல் பிரிவில் 25 விழுக்காட்டினரும் பட்டயம் பெற்றிருந்தனர்.

இதில் வியப்படைய ஒன்றுமில்லை என்று நாம் கருதுகிறோம். எட்டாம் வகுப்பில் தன்னை அவமானப்படுத்திய அதே இயற்கணிதத்தைப் பதினெட்டு வயதில் மறுபடி படி, அதுவும் கணக்கில் சேராது என்று சொல்லப்படும் மாணவருக்கும், 'நீ கல்லூரி மாணவர், இதோ கல்லூரிப் பாடம், துணைக்கு ஆளிருக்கிறது' என்று சொல்லப்படும் மாணவருக்கும் இடையில் வேறுபாடு அறிவில் இல்லை.

இந்த உண்மையை முன்பே கண்டவர் யூரி டிரைஸ்மன். 1970களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் பெர்க்லி வளாகத்தில் கறுப்பின மாணவர்கள் நுண்கணிதத்தில் பெருமளவில் தோற்பது ஏன் என்று ஆராய்ந்தார். ஊக்கமின்மை, குடும்பப் பின்னணி என்று சக ஆசிரியர்கள் அடுக்கிய காரணங்களை ஓரமாக வைத்துவிட்டு, மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதை அருகிருந்து கவனித்தார். கறுப்பின மாணவர்கள் உழைப்பில் குறை வைக்கவில்லை, ஆனால் தனியே படித்தனர். நன்கு தேறிய சீன வம்சாவளி மாணவர்கள் கூடிப் படித்தனர். ஒருவர் பிழையை மற்றவர் திருத்தினர், எந்தக் கணக்கு எல்லோருக்குமே கடினம் என்பதையும் தெரிந்துகொண்டனர். டிரைஸ்மன் தொடங்கிய பயிலரங்கில் எளிய பயிற்சிகள் இல்லை, மிகக் கடினமான கணக்குகளே இருந்தன. அது 'பின்தங்கியோர்' வகுப்பு என்ற பலகையுடன் நடக்கவில்லை, சிறப்பு நிலைத் திட்டமாகவே நடந்தது. அவர் பின்னர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்துக்குச் சென்றபோது அந்த முறையும் அங்கு சென்றது. அறிவியல், பொறியியல் பாடங்களில் விரிவுரையைக் குறைத்து மாணவர் பங்கேற்பைக் கூட்டிய வகுப்புகளைப் பற்றி 2020இல் வெளியான பரந்த தொகுப்பாய்வு ஒன்று, அத்தகைய வகுப்புகளில் ஒடுக்கப்பட்ட பிரிவு மாணவர்களுக்கும் ஏனையோருக்கும் இடையிலான தேர்ச்சி இடைவெளி 45 விழுக்காடு சுருங்கியதைக் காட்டியது. கரும்பலகைக்கு முன் நின்று ஒருவரே பேசிக்கொண்டிருப்பதும் ஓர் அரசியல்தான்.

மொழி, வரலாறு, தன்மானம்

பட்டம் பெறும் விகிதம் பற்றிய பேச்சு பெரும்பாலும் கணிதத்தோடு நின்றுவிடுகிறது. அது போதாது. கலிபோர்னியாவின் ஹேவர்டு நகரிலுள்ள சபோ கல்லூரியில் 1981இல் ஃபெலிக்ஸ் கலாவிஸ் என்ற ஆலோசகரும் பட்ரிசியா மெக்ராத் என்ற ஆங்கில ஆசிரியரும் தொடங்கிய புவெந்தே திட்டத்தை எடுத்துக்கொள்வோம். புவெந்தே என்றால் ஸ்பானிய மொழியில் பாலம். அவர்கள் முதலில் செய்தது தம் கல்லூரியின் லத்தீனோ மாணவர்களின் பதிவேடுகளைப் படித்ததுதான். பலர் ஆலோசகர்களைத் தவிர்த்திருந்தனர், கல்லூரி நிலை எழுத்துப் பாடத்தில் சேரவில்லை, பெரும்பாலோர் குடும்பத்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். நம் வழக்கில் சொன்னால் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். எனவே ஓராண்டு நீளும் ஒரு ஆங்கில எழுத்துப் பாடத்தை வடிவமைத்தனர். அதில் மெக்சிக்க அமெரிக்க எழுத்தாளர்களின் படைப்புகள் பாடநூல்களாயின. ஒரே ஆலோசகர் ஆண்டு முழுதும் அந்த வகுப்போடு இருந்தார். படித்து வேலையில் இருக்கும் அதே சமூகத்தவர் ஒருவர் ஒவ்வொரு மாணவருக்கும் வழிகாட்டியாக அமைந்தார். பின்னர் அத்திட்டம் பல கல்லூரிகளுக்குப் பரவியது.

இதன் வேர் இன்னும் ஆழமானது. 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிகளிலிருந்து ஆயிரக்கணக்கான சிகானோ மாணவர்கள் வெளிநடப்புச் செய்தனர். அவர்களது கோரிக்கைகளில் தம் வரலாறு பாடத்தில் இடம்பெற வேண்டும் என்பதும் ஒன்று. அதே ஆண்டு இறுதியில் சான் பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரியில் கறுப்பின, லத்தீனோ, ஆசிய, செவ்விந்திய மாணவர்கள் ஒன்றிணைந்து மாதக்கணக்கில் நடத்திய வேலைநிறுத்தம் இனத்துவக் கல்விப் புலத்தை ஈன்றது. பாடத்திட்ட மறுவடிவமைப்பு என்பது இன்று ஆலோசனை நிறுவனங்களின் சொல்லாக ஒலிக்கிறது. அதைத் தெருவில் நின்று முதலில் கேட்டவர்கள் மாணவர்கள் என்பதை மறக்கலாகாது. அரிசோனாவின் டூசான் நகரப் பள்ளிகளில் மெக்சிக்க அமெரிக்கக் கல்வித் திட்டம் நல்ல விளைவுகளைத் தந்தபோது அம்மாநிலம் 2010இல் சட்டமியற்றி அதை முடக்கியது. பாவ்லோ ஃப்ரெய்ரேயின் 'ஒடுக்கப்பட்டோருக்கான கல்வி' நூல்கூட வகுப்பறைகளிலிருந்து அகற்றப்பட்டது. அந்தத் தடை இனப் பகைமையால் பிறந்தது என்று 2017இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏழாண்டுகளில் ஒரு தலைமுறை பள்ளியை விட்டே போயிருந்தது.

மொழியைப் பொறுத்தவரை நியூயார்க்கின் ஹோஸ்டோஸ் சமுதாயக் கல்லூரியின் வரலாறு தனியே எழுதப்பட வேண்டியது. தென் பிராங்க்ஸின் புவெர்த்தோ ரீக்கோ மக்களின் போராட்டத்தால் 1968இல் நிறுவப்பட்டு 1970இல் திறக்கப்பட்ட கல்லூரி அது. மாணவர் ஆங்கிலம் கற்றுமுடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வேதியியலையும் வரலாற்றையும் ஸ்பானிய மொழியில் படித்தவாறே ஆங்கிலத்தையும் கற்கலாம். நகரின் நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி அதை மூட முனைந்தபோது, 1976இல் மாணவர்களும் ஆசிரியர்களும் ஊர் மக்களும் கட்டடத்தைக் கைப்பற்றி அமர்ந்து காப்பாற்றினர். 1997இல் வேறு வடிவில் தாக்குதல் வந்தது. பட்டமளிப்பு விழாவுக்குச் சில நாள்களே இருந்தபோது, ஓர் ஆங்கில எழுத்துத் தேர்வில் தேறாதவர்களுக்குப் பட்டம் இல்லை என்று பல்கலைக்கழக அறங்காவலர்கள் தீர்மானித்தனர். எல்லாப் பாடங்களிலும் தேறியவர்களுக்குக் கடைசி வாசலில் புதிய பூட்டு. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு ஆங்கிலவழிப் பொறியியல் வகுப்பில் முதல் நாள் அமர்ந்தவர்கள் இந்தப் பூட்டைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள்.

பேருந்துச் சீட்டும் பாடத்திட்டமே

பாடத்தை எவ்வளவு மாற்றினாலும் வகுப்புக்கு வரக் காசில்லாதவரை அது எட்டாது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தொடங்கிய அசாப் திட்டம் இதை நேராக எதிர்கொண்டது. முழுநேரமாகப் படிக்க ஒப்புக்கொள்ளும் மாணவருக்குக் கட்டணத்தில் விடுபடும் தொகை, பாடநூல்கள், நகரப் போக்குவரத்து அட்டை, அடிக்கடி சந்திக்கும் ஆலோசகர், வேலைக்கும் படிப்புக்கும் இடைஞ்சலில்லாத நேர அட்டவணை ஆகியவை கிடைத்தன. ஹிஸ்பானிக், கறுப்பின மாணவர்கள் பெரும்பான்மையாக இருந்த ஒரு குழுவைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வில், மூன்றாண்டுகளில் பட்டயம் பெற்றோர் திட்டத்துக்கு வெளியே 22 விழுக்காடு, உள்ளே 40 விழுக்காடு. கல்வி ஆய்வுகளில் இத்தகைய வேறுபாடு அரிது. ஒரு மாணவருக்கான செலவு கூடியது. ஆனால் ஒரு பட்டத்துக்கான செலவு குறைந்தது. இடைநின்றவருக்குச் செலவிட்ட பணம் வீண் என்பதை எந்தக் கருவூலமும் கணக்கெழுதுவதில்லை என்பதால் இந்த எளிய உண்மை புலப்பட இத்தனை காலம் ஆயிற்று.

இவற்றையெல்லாம் வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது நேர்மையன்று. ஏ.பி. 705க்குப் பின் எல்லாப் பிரிவினரும் முன்னேறினர், ஆனால் வெள்ளை மாணவர்களுக்கும் ஹிஸ்பானிக் மாணவர்களுக்கும் இடையிலான தேர்ச்சி இடைவெளி மறைந்துவிடவில்லை. அப்போது 23 வளாகங்களைக் கொண்டிருந்த கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகம் 2018 முதல் கிரெடிட் இல்லாத குறைதீர் வகுப்புகளை முற்றாக நீக்கியது. நான்காண்டில் பட்டம் பெறுவோர் விகிதத்தைப் பத்தாண்டுகளுக்குள் 19 விழுக்காட்டிலிருந்து 35ஐ ஒட்டி உயர்த்தவும் செய்தது. ஆனால் 2025க்குள் பிரிவுகளுக்கிடையிலான இடைவெளியை மூடுவோம் என்ற அதன் உறுதிமொழி நிறைவேறவில்லை. 2022இல் வந்த ஏ.பி. 1705 அறிவியல், பொறியியல் மாணவர்களையும் பெரும்பாலும் நேராக நுண்கணிதத்துக்கு அழைத்துச் செல்கிறது. கணித ஆசிரியர்கள் பலர் இதை எதிர்க்கின்றனர். அந்த எதிர்ப்பு முழுவதையும் சாதிமனம் போன்ற ஒன்றின் வெளிப்பாடு என்று ஒதுக்கிவிட முடியாது. துணை வகுப்புக்கு ஆசிரியரையும் நேரத்தையும் ஒதுக்காமல் கீழ்ப்படியை மட்டும் இடித்துவிட்டால், மாணவர் விழும் இடம் மாறுமே தவிர விழுவது நிற்காது. செலவைக் குறைக்க விரும்பும் அரசுகளுக்கு இந்தச் சீர்திருத்தத்தின் முதற்பாதி மட்டும் இனிக்கிறது. அங்கேதான் விழிப்பு தேவை.

அறுக்கப்படும் கிளை

இந்த மாற்றங்களில் பலவற்றுக்குப் பணம் வந்த வழி ஒன்று உண்டு. முழுநேர இளநிலை மாணவர் கணக்கில் நான்கில் ஒரு பங்கினராவது ஹிஸ்பானிக்காக இருக்கும் கல்லூரிகளை அமெரிக்கக் கூட்டாட்சி அரசு 'ஹிஸ்பானிக் சேவைக் கல்வி நிறுவனங்கள்' என்று 1992 முதல் சட்டத்தில் குறிக்கிறது. இன்று அவை ஏறத்தாழ 600. நாட்டின் ஹிஸ்பானிக் இளநிலை மாணவர்களில் மூன்றில் இரு பங்கினர் அவற்றில்தான் பயில்கின்றனர். அவற்றுக்கான நிதியில் ஆய்வகங்கள் கட்டப்பட்டன, முதலாண்டுப் பாடங்கள் மாற்றி எழுதப்பட்டன, பயிற்சி மையங்களில் மாணவர்களே பயிற்றுநர்களாயினர். எண்ணிக்கையை எட்டியதும் பட்டத்தை மாட்டிக்கொண்டு பணத்தைப் பொதுச் செலவில் கரைத்த நிறுவனங்கள் மீது விமர்சனமும் உண்டு. அந்த நிதியால் பயன்பெற்றோர் ஹிஸ்பானிக் மாணவர்கள் மட்டுமல்லர். ஒரு வகுப்பு மாற்றி அமைக்கப்பட்டால் அதில் அமர்ந்திருக்கும் வெள்ளை மாணவரும் ஆசிய மாணவரும் அதே வகுப்பில்தான் அமர்கிறார்கள்.

ஹார்வர்டு வழக்கில் 2023இல் இன அடிப்படையிலான சேர்க்கைக்கு முடிவுகட்டிய அதே அமைப்பு, டென்னசி மாநிலத்துடன் சேர்ந்து 2025 ஜூனில் இந்த நிதித் திட்டத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. அடுத்த மாதமே, திட்டத்தை நீதிமன்றத்தில் காக்கப்போவதில்லை என்று அமெரிக்க நீதித்துறை அறிவித்தது. செப்டம்பரில் சிறுபான்மையினர் பயிலும் நிறுவனங்களுக்கான சுமார் 35 கோடி டாலரைக் கல்வித்துறை நிறுத்தியது. அரசே திட்டத்தைக் காக்க மறுக்கும்போது, பாதிக்கப்படும் கல்லூரிகளின் சங்கமே தன்னையும் வழக்கில் சேர்க்கக் கோரி நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. சேர்க்கையில் சமநிலை கேட்டால் 'உள்ளே வந்தபின் உதவுங்கள், வாசலில் சலுகை வேண்டாம்' என்றனர். உள்ளே உதவினால் அதுவும் பாகுபாடு என்கின்றனர்.

நம் வாசகர்களுக்கு இதில் நேரடித் தொடர்பு ஒன்றும் இருக்கிறது. குறைதீர் வகுப்புகளை நீக்கிய அதே கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகம்தான் 2022 ஜனவரியில் தன் பாகுபாட்டு எதிர்ப்புக் கொள்கையில் சாதியைச் சேர்த்தது. அதற்கு முந்தைய ஆண்டு, அனைத்து வளாகங்களையும் சார்ந்த மாணவர் சங்கம் அதற்கென ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. ஏறத்தாழப் பாதி மாணவர்கள் ஹிஸ்பானிக்காக இருக்கும் பல்கலைக்கழகம் அது. சாதி என்றால் என்னவென்று அவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் கேட்டிருக்க மாட்டார்கள். வகுப்பறை வாசலில் நிறுத்தப்படுவது என்னவென்று அவர்கள் அறிவார்கள்.

இங்கே ஐ.ஐ.டி.களில் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு ஓராண்டு ஆயத்தப் படிப்பு உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் குறைதீர் பயிற்சித் திட்டமும் இருந்துவந்தது. மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐ.ஐ.டி.கள், ஐ.ஐ.எம்.களிலிருந்து ஐந்தாண்டுகளில் 13,000க்கும் மேற்பட்ட எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. மாணவர்கள் வெளியேறியதாக 2023 டிசம்பரில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நிறுவனவாரியான அந்த எண்ணிக்கை, எந்தப் பாடம் அவர்களை வெளியே தள்ளியது என்பதைச் சொல்லவில்லை. முதலாண்டில் எந்தத் தாளில், எந்தத் துறையில், எந்தப் பிரிவு மாணவர்கள் எத்தனை பேர் தோற்கிறார்கள் என்ற பட்டியல் ஒவ்வொரு கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலும் இருக்கிறது. கலிபோர்னியாவில் மாற்றம் தொடங்கியது அப்படிப்பட்ட பட்டியல் பொதுவெளிக்கு வந்தபோதுதான். அரசுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் அதைக் கேட்டுப் பெறத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனுவும் பத்து ரூபாய்க் கட்டணமும் போதும்.